கூலி என்னும் சிறு சொல்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவையை நோக்கிச் செல்லும் மலைப்பாதையிலே ராகலை என்னும் சிறு பட்டினம் அமைந்திருக்கின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். நடுவே ஒரு கடைவீதி. அதன் இருமருங்கிலும் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் வாழ்க்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து புறப்பட்ட இரண்டரை அடி அகலமுள்ள சிறிய புகையிரதப்பாதை இவ்வூரிலேதான் முடிந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டு சென்று, அரிசி மூட்டைகளை மேலே கொண்டு வந்த அப்பாதை 1940களில் கைவிடப்பட்டது. பாதை மறைந்தது, ஆயினும் அப்பாதையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் சொற்கள் மறையவில்லை. அச்சொற்களுள் ஒன்று, இரண்டே எழுத்துக்களாலான 'கூலி' என்பது.

பூட்டிக் கிடக்கும் கடை ஒன்றின் கதவிலே சிங்கள எழுத்தில் 'குலியட' என்று எழுதிய பலகை தொங்கினால், அக்கடை வாடகைக்கு விடப்படும் என்பது அதன் பொருள். அதே வீதியில் லொறியிலிருந்து மூட்டை இறக்கிய ஒருவர், கடைக்காரரிடம் தமிழிலே இறக்குக்கூலி கேட்டு நிற்பார். ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக் கணக்கேடு ஒன்றைப் புரட்டினாலோ, இத்தனை 'கூலிகள்' வேலைக்கு வந்தனர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஒலி ஒன்றே. ஆனால் முதலாவது கடைக்குரிய வாடகை. இரண்டாவது கைக்குரிய ஊதியம். மூன்றாவது அந்த ஊதியத்தைப் பெறவேண்டிய ஆளே. ஒரு சிறு சொல் மூன்று மொழிகளில் மூன்று பொருளைத் தாங்கி நிற்பது எங்ஙனம்? அம்மூன்று பொருளுக்குமிடையே உள்ள தொலைவு, அகராதி நூலார் மட்டும் கவலைப்படவேண்டிய தொலைவுதானா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், வெவ்வேறு மொழிச் சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதற்குரிய காரணங்களைப் பிரித்தறிதல் நன்று. அவை மூன்று. முதலாவது இனத்தொடர்பு. தமிழிலுள்ள கூலி மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூலியாகவே வழங்குகின்றது. இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான குடும்பச் சொத்து. இரண்டாவது கடன். ஒரு மொழியார் வணிகத்தாலோ ஆட்சியாலோ அயல்மொழியாரோடு கலக்கும்பொழுது சொற்கள் கைமாறுகின்றன. மூன்றாவது தற்செயல். எந்தத் தொடர்பும் இல்லாமலே இரு மொழிகளில் ஒரே ஒலி தோன்றிவிடுவதுண்டு.

தற்செயலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் வடவைரோப்பாவுக்குச் செல்லலாம். பின்லாந்து நாட்டு மொழியில் 'கூலி' என்று ஒலித்தால், 'அவன் கேட்டான்' அல்லது 'அவள் கேட்டாள்' என்று பொருள். செவியால் கேட்டலைக் குறிக்கும் வினைச்சொல் அது. வியட்நாமியர் மொழியிலே 'கூ லி' என்பது இரவில் மரக்கிளைகளைப் பற்றி மெல்ல ஊர்ந்து திரியும் தேவாங்குக்குப் பெயர். தமிழ் உழைப்பாளியின் ஊதியத்துக்கும் வியட்நாமியக் காட்டுத் தேவாங்குக்கும் உறவு கற்பித்தல் நகைப்புக்கே இடமாகும். மனிதர் வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் சிலவே. உலக மொழிகளோ ஆயிரக்கணக்கின. சொல் எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்குத் தற்செயல் ஒற்றுமைக்கு இடமுண்டு. ஆதலால் ஒலியை மட்டும் நம்பி உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சி ஆகாது. சொல் நடந்து சென்ற வழியையும் காட்டுதல் வேண்டும். பின்லாந்துச் சொல்லுக்கு அத்தகைய வழி இல்லை. ராகலைக் கடைவீதியில் ஒலிக்கும் மூன்றுக்கும் உண்டு.

வழியின் தொடக்கம் தமிழ். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், 619ஆம் குறளிலே கூலி என்னும் சொல் வருகின்றது. ஊழ் துணை செய்யாவிடினும், உடல் வருந்த முயன்றவனுக்கு அவ்வருத்தத்தின் அளவுக்கேனும் பயன் கிட்டாமற் போகாது என்பது அக்குறளின் கருத்து. அப்பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயரே கூலி. இங்கே கூலி என்பது பிச்சை அன்று. இரக்கத்தால் வழங்கும் கொடையும் அன்று. பட்ட பாட்டுக்கு வந்தே தீரவேண்டிய கடன் அது. இழிவு அச்சொல்லின் அருகிலும் இல்லை.

மக்கள் வழக்கிலும் இப்பொருளே பரந்து கிடக்கின்றது. நகை செய்த தட்டானுக்குச் செய்கூலி. ஆடை நெய்தவனுக்கு நெசவுக்கூலி. பாரம் ஏற்றிய வண்டிக்கு வண்டிக்கூலி. நாள் கணக்கில் உழைத்தவனுக்கு நாட்கூலி. குடியிருக்கும் வீட்டுக்குக் குடிக்கூலி. பிறர் உழைப்பையோ உடைமையையோ ஒருவர் பயன்படுத்தினால், அதற்கு ஈடாகக் கொடுக்கவேண்டியது எதுவோ அதுவே கூலி. அதனைப் பெறுகின்றவரைச் சொல்லவேண்டியபொழுது தமிழர் கூலியாள் என்றனர், கூலிக்காரர் என்றனர். பொருளும் ஆளும் மயங்காதவாறு, 'ஆள்' என்னும் சொல் தனியே நின்று காவல் காத்தது.

இச்சொல்லை முதலில் கடன் பெற்ற அயலாருள் சிங்களவரும் அடங்குவர். சிங்களம் திராவிட மொழியன்று. வடஇந்திய மொழிகளோடு இனத்தொடர்புடையது. எனினும் நூற்றாண்டுகள் பலவாகத் தமிழோடு அடுத்தடுத்து வாழ்ந்த காரணத்தால் தமிழ்ச்சொற்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டது. அங்கே கூலி 'குலிய' ஆயிற்று. வீட்டுக்குக் கொடுப்பது குலிய. வாகனத்துக்குக் கொடுப்பதும் குலிய. கூலிக்கு உழைப்பவரைக் குறிக்கவும் அதனடியாகப் பிறந்த சொல் உண்டு. ஆயினும் தொழிலாளியைப் பொதுவாகச் சுட்டுதற்குப் பாளி, வடமொழித் தொடர்புடைய 'கம்கரு' என்னும் சொல்லே சிறந்து நிற்கின்றது. தமிழில் இன்று வாடகை என்னும் சொல் மேலோங்கி, குடிக்கூலி என்பது அருகிவிட்டது. அவ்வாறு தமிழில் தேய்ந்துபோன ஒரு பழம்பொருளைச் சிங்களம் கடைக்கதவுப் பலகையிலே காத்து வைத்திருக்கின்றது. பக்கத்து வீட்டார் வாங்கிச் சென்ற பொருள் பழுதுபடாமல் இருக்கின்றது என்று சொல்லலாம்.

கடல் கடந்து சென்ற கூலியின் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டு முதல் இந்தியக் கரைகளிலே வணிகம் செய்த போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மூட்டை சுமப்போரையும் நாட்கூலிக்கு உழைப்போரையும் குறிக்க இச்சொல்லைக் கைக்கொண்டனர். ஆயினும் அது தமிழிலிருந்துதான் சென்றதா என்பது பற்றி அறிஞரிடையே ஒரு வழக்கு உண்டு. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி இவ்வழக்கை விரிவாக எடுத்துரைக்கின்றது. இருவருள் பர்னெல் தஞ்சாவூரிலே நீதிபதியாய் இருந்தவர். குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் குலத்தாரின் பெயரே இதன் மூலம் என்பது ஒரு கருத்து. தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொன்று. துருக்கி மொழியில் அடிமை என்னும் பொருளுடைய 'குல்' என்னும் சொல்லும் அவ்வகராதியில் நினைவுகூரப்படுகின்றது.

இம்மூன்றும் வெவ்வேறு மொழிகளின் சொற்கள், வெவ்வேறு பொருளின. ஒன்று ஒரு குலத்தின் பெயர். ஒன்று ஊதியத்தின் பெயர். ஒன்று அடிமையின் பெயர். மேற்குக் கரையிலே கோலி மக்களைக் கண்ட ஐரோப்பியர், கிழக்குக் கரையிலே கூலி என்னும் ஒலியைக் கேட்டபொழுது இரண்டையும் ஒன்றென மயங்கியிருத்தல் இயல்பே. வழக்கின் தீர்ப்பு எதுவாயினும் விளைவு ஒன்றுதான். ஐரோப்பியர் வாயிலே கூலி என்பது ஊதியத்தை விட்டு நீங்கி, ஆளைக் குறிப்பதாயிற்று. கூலியாள் என்ற தமிழ்ச்சொல்லோடு ஆங்கிலச் சொல்லை ஒப்புநோக்கினால், அங்கே இல்லாமற் போனது 'ஆள்' என்னும் பகுதியே என்பது புலனாகும்.

அதன் பின் அச்சொல் கப்பலேறியது. 1833இல் ஆங்கிலப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். 1834இல் மொரீசியசுக்கும் 1838இல் பிரித்தானிய கயானாவுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின் பேரிற் கொண்டு செல்லப்பட்டனர். மொரீசியசின் தலைநகராகிய போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் கரையிறங்கிய இடம் 'கூலித்துறை' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கிற்று. பிற்காலத்தில் அப்பெயர் நீக்கப்பட்டு, குடிபெயர்ந்தோர் துறை என்னும் பொருளில் 'ஆப்பிரவாசி காட்' என்று பெயர் சூட்டப்பட்டது. 2006இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விடத்தை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

சீனத்திலே இச்சொல் அடைந்த மாற்றம் வியக்கத்தக்கது. சீன எழுத்து ஒலியை மட்டும் காட்டுவதன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. அயல்நாட்டுச் சொல்லை எழுதவேண்டுமாயின், ஒலியால் நெருங்கிய எழுத்துக்களைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். தேர்ந்த எழுத்தின் பொருளும் உடன் வந்துவிடும். கூலி என்பதற்குச் சீனர் 'கூ', 'லீ' என்னும் இரண்டு எழுத்துக்களை வைத்தனர். முன்னதன் பொருள் கசப்பு, துன்பம். பின்னதன் பொருள் வலிமை. கசந்த வலிமை, துன்பப்படும் உடல்வலி. ஒலிபெயர்ப்பாக வந்த சொல் சீனரிடத்தே ஒரு வாழ்க்கையின் விளக்கமாகவே ஆகிவிட்டது.

அக்கசப்பு வெறும் எழுத்தளவினதன்று. 1847 முதல் 1874 வரை கியூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் நிலையை நேரிற் கண்டறிய 1874இல் சீன அரசு சென் லான்பின் என்பார் தலைமையில் ஒரு குழுவை அங்கே அனுப்பிற்று. அக்குழு 1176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. ஏமாற்றியும் கடத்தியும் கப்பலேற்றப்பட்டவர்களின் கதைகள் அவை. அவ்விசாரணையை ஒட்டியே அவ்வாணிகம் முடிவுக்கு வந்தது.

மலாய் மொழியிலும், அதனடியாக வளர்ந்த இந்தோனேசிய மொழியிலும் 'குலி' என்றால் பாரம் சுமக்கும் தொழிலாளி. ஒல்லாந்தர் ஆண்ட சுமாத்திராவின் கிழக்குக் கரையிலே, புகையிலைத் தோட்டங்களுக்கென 1880இல் பிறப்பிக்கப்பட்ட சட்டத்துக்கே 'கூலிச் சட்டம்' என்று பெயர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கியவரைக் குற்றவாளியாகத் தண்டிக்க அச்சட்டம் இடம் தந்தது. ஆயினும் மக்கள் மொழி எதனையும் எள்ளி நகையாடவல்லது. இந்தோனேசியர் பத்திரிகையாளரை 'குலி திந்தா' என்பர்; மைக்கூலி என்பது அதன் பொருள். எழுதிப் பிழைப்பவனும் சுமந்து பிழைப்பவனும் ஒரே குலத்தவர் என்னும் குறும்பு அதில் உண்டு.

ஜெர்மன் மொழியில் இச்சொல் ஆளையும் விட்டு நீங்கிப் பொருளுக்குப் பெயராயிற்று. 1928இல் ஹம்பர்க் நகரிலே 'டிண்டன்கூலி', அதாவது மைக்கூலி, என்னும் பெயரில் ஒருவகை எழுதுகோல் விற்பனைக்கு வந்தது. இன்று ஜெர்மானியர் குமிழ்முனைப் பேனாவைச் சுருக்கமாகக் 'கூலி' என்கின்றனர். அப்பேனாவுக்குரிய நீண்ட பெயரின் முதலெழுத்துக்களும் அச்சுருக்கத்துக்குப் பொருந்தி வந்தன. புகையிரத நிலையங்களிலே பயணிகள் தம் பெட்டிகளை வைத்துத் தள்ளிச் செல்லும் சிறு வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கோபர்கூலி', பெட்டிக்கூலி என்க. அங்கே கூலி என்றால் ஒரு பேனா, ஒரு தள்ளுவண்டி. அவற்றுக்குப் பசி இல்லை, பிள்ளைகள் இல்லை, மாத முடிவில் கேட்கவேண்டிய கணக்கும் இல்லை.

ஆக, தமிழில் ஊதியம்; ஆங்கிலத்தில் ஆள்; ஜெர்மனில் கருவி. இச்சொல் நடந்த பாதை இதுவே. முதற் படியில் உழைத்தவனுக்கு ஒருவர் கொடுக்கவேண்டிய கடன் ஒன்று இருந்தது. இரண்டாம் படியில் கடன் மறைந்து உழைத்தவன் மட்டும் எஞ்சினான். மூன்றாம் படியில் அவனும் மறைந்து உழைக்கும் கருவி மட்டும் எஞ்சிற்று.

இரண்டாம் படியின் கொடுமையைத் தென்னாபிரிக்கா தெளிவாகக் காட்டிற்று. 1893இல் நேட்டாலில் வந்திறங்கிய காந்தியடிகள், அங்கே வாழ்ந்த இந்தியர் அனைவரும், வணிகராயினும் கற்றவராயினும், 'கூலி' என்னும் ஒரே சொல்லால் இழித்துரைக்கப்படுவதைக் கண்டார். அவரையே 'கூலி பாரிஸ்டர்' என்றனர். இந்தியரை அழைக்க வெள்ளையர் கையாண்ட மற்றொரு சொல் 'சாமி'. தமிழர் பலருடைய பெயர்கள் சாமி என்று முடிவதைக் கேட்டு, அதனையே இகழ்ச்சிப் பெயராக்கினர். ஆனால் சாமி என்றால் தலைவன், எசமானன் என்றல்லவோ பொருள்? அதனை எடுத்துக்காட்டி, தாம் எவருக்கும் எசமானர் அல்லரே என்று வெள்ளையரிடமே திருப்பிக் கேட்ட இந்தியரும் இருந்தனர் எனத் தம் வாழ்க்கை வரலாற்றிலே காந்தியடிகள் குறிப்பிடுகின்றார். ஊதியத்தைக் குறித்த சொல்லும் வசையாயிற்று. தலைவனைக் குறித்த சொல்லும் வசையாயிற்று. எனவே குற்றம் சொல்லின் பொருளில் இல்லை. சொன்னவர் மனத்திலும், சொல்லப்பட்டவரை வைத்திருந்த நிலையிலும் இருந்தது.

இக்கதையின் இலங்கைப் பகுதி மலைநாட்டிலே நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ராகலையைச் சூழ்ந்த மலைகளும் இவ்வாறே தேயிலை மலைகளாயின.

மொரீசியசுக்குச் சென்றவர்போல் இலங்கைக்கு வந்தவர் நீண்ட ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டு வந்தவரல்லர். கங்காணி என்னும் தலைவரின் கீழ் வந்தவர். ஆனால் ஒப்பந்தம் செய்யவேண்டிய வேலையைக் கடன் செய்தது. வழிச்செலவும் அரிசிச் செலவும் தொழிலாளியின் பேரிற் கங்காணி எழுதிய கடனாயின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், அக்கடன் தொகை குறித்த சீட்டு ஒன்றைத் தோட்டத்தார் கொடுப்பர். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி விடுதலை இல்லை. அச்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தமிழில் ஒரு சிறு பகுதியையும் தோளில் இடும் சிறு துணியையும் குறிக்கும் அச்சொல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தோட்டச் சட்டங்களிலே ஒரு மனிதனைக் கட்டி வைக்கும் கடன்சீட்டுக்குப் பெயராயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அத்துண்டு முறையை ஒழித்தது. கூலி கொடுக்கவேண்டியவர் கடன்காரர் என்பது தமிழ்ச்சொல்லின் நீதி. இங்கேயோ கூலி பெறவேண்டியவரே கடன்காரராய் நின்றார்.

மலைநாட்டுப் பேச்சு வழக்கிலே ஒரு சொல் உண்டு. அது இவ்வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. 'பேர்' என்பது அச்சொல். ஒரு நாள் வேலை செய்தவருக்குக் கணக்கேட்டிலே ஒரு பேர் விழும். குறித்த நிறையளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' விழும்; அதாவது அரைநாட் சம்பளமே கிடைக்கும். வருகைக் கணக்கிலே பெயருக்கு நேரே இடும் குறி, நாளடைவில் அந்நாளின் ஊதியத்துக்கே பெயராயிற்று. ஆங்கிலத்தார் வாயில் ஊதியத்தின் பெயர் மனிதனுக்குப் பெயரானது; தோட்டத்திலே மனிதனின் பெயர் ஊதியத்துக்குப் பெயரானது. அதிலும் மாலையில் நிறை குறைந்தால், பறித்தவரின் பேரே பாதியாகிவிடும். இச்சொல்லை யாரும் திட்டமிட்டு ஆக்கவில்லை. வாழ்க்கை எவ்வாறு இருந்ததோ, அவ்வாறு மொழி அமைந்துகொண்டது.

'கூலி' என்னும் ஆங்கில வசை தமிழுக்கே திரும்பி வந்தபொழுது, மலைநாட்டு மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். தம்மைத் தொழிலாளர் என்றனர்; தாம் பெறுவதைச் சம்பளம் என்றனர். தோட்டங்களிலே இன்று கூலியினும் சம்பளம் என்பதே பெருவழக்கு. ஆனால் பெயரை மாற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பெயருக்குப் பின்னால் மறைந்துபோன கணக்கையும் கேட்டனர். 1920களிலே கோ. நடேசய்யர் பத்திரிகை வாயிலாகவும் மேடை வாயிலாகவும் அக்கணக்கை எழுப்பினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் பாட்டாலும் பேச்சாலும் எழுப்பினார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில், ஊதிய உயர்வு கேட்டு முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1941இல் சம்பள நிர்ணய சபைகளை அமைக்கும் சட்டம் வந்தது.

ஆளைக் கூலி என்று எண்ணியதன் விளைவு ஊதியத்தோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். உழைப்பாளராகக் கணக்கில் இருந்தவர், குடிகளாகக் கணக்கில் இல்லை. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டமே நிறைவு செய்தது. பெண்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதற்குச் சமமாக்கப்பட்டது 1984இல். நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்னும் கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் நிறைவேறிற்று. 2024இல் அத்தொகை 1350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அரிசியும் மாவும் விலையில் எங்ஙனம் உயர்ந்தன என்பதை ராகலைக் கடைவீதி அறியும்.

ஊதியத்தின் பெயர் ஆளுக்குப் பெயராவது, அதனளவிலே இழிவானதா என்று ஒருவர் வினவலாம். அன்று என்பதற்கு ஆங்கிலமே சான்று. அம்மொழியில் படைவீரனைக் குறிக்கும் 'சோல்ஜர்' என்னும் சொல், உரோமப் பேரரசின் 'சோலிடஸ்' என்னும் பொற்காசின் பெயரிலிருந்து வந்தது. காசு பெற்றுப் போரிட்டவன் காசின் பெயராலேயே அழைக்கப்பட்டான். பாதை ஒன்றே, ஊதியம் ஆளாயிற்று. ஆனால் அச்சொல்லைக் கேட்டு எவரும் தலைகுனிவதில்லை. தமிழிலும் கையிற் கொடுக்கும் இலஞ்சத்தைக் குறித்த 'கைக்கூலி' என்பது, அதனைப் பெற்று ஏவல் செய்பவனையும் இக்காலத்திற் குறிக்கின்றது. அது வசையாகவே நிற்கின்றது. ஒரே மாற்றம் ஓரிடத்திற் பெருமையாகவும் ஓரிடத்திற் சிறுமையாகவும் முடிகின்றது. சொல்லின் மதிப்பைத் தீர்மானிப்பது இலக்கணமன்று; அச்சொல்லுக்குரியவர் உலகிலே பெறும் மதிப்பு.

இதனாலேதான் பெயர் மாற்றம் மட்டும் போதுமானதன்று. 2016இல் இந்தியப் புகையிரதத் துறை, நிலையங்களிலே சுமை தூக்குவோரைக் கூலி என்பதற்கு மாறாகச் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்கத் தீர்மானித்தது. நல்ல நோக்கமே. எனினும் தலையிலுள்ள பாரமும் அதற்குரிய காசும் மாறாதவரை, புதிய பெயரும் பழைய பெயரின் நிறத்தையே பெறும். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுலி வேறொரு வழியை மேற்கொண்டார். அவர் 1992இல் அச்சொல்லை விலக்காமல், அதனடியாகவே 'கூலிட்யூட்' என்னும் புதுச்சொல்லை ஆக்கி, கப்பலேறிச் சென்ற மக்களின் பொது வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் பெயராக வைத்தார். வசையாக எறியப்பட்ட கல்லை எடுத்து வீட்டுக்கு அடிக்கல்லாக இட்டதைப் போன்றது அது.

தமிழருக்கோ புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவையும் இல்லை. பழைய பொருளை நினைவுகூர்ந்தாற் போதும். கூலி என்பது ஆளன்று, ஆளுக்குக் கொடுக்கவேண்டியது. இவ்வொரு வேறுபாட்டை மறந்தபொழுது கப்பல்கள் நிறைந்தன. மறவாது கேட்டபொழுது சட்டங்கள் பிறந்தன.

ராகலை மலைகளிலே மாலைதோறும் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. பறித்தவர் வரிசையிலே நிற்கின்றார்; தராசு ஆடி அடங்குகின்றது; கணக்கேட்டில் எண் விழுகின்றது. முழுப்பேரா, அரைப்பேரா என்று அவர் எட்டிப் பார்க்கின்றார். அவர் பார்ப்பது தம் பெயரை மட்டுமன்று. காலை முதல் மலையேறி உடல் வருந்தியதற்கு உரியதை. அதற்கு வள்ளுவர் இட்ட பெயர் கூலி.